பத்திரம் இல்லாத கதை

சென்னீர்குப்பத்தில் நான் மனை வாங்கியபோது தரகர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "தாய்ப்பத்திரம் சுத்தம், ஸார்!" முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வீடு கட்டிக்கொண்டு, அதில் உட்கார்ந்து கிராமத்து மண்ணின் வாசனையைப் பற்றி ஒரு நாவலும் எழுதினேன். அந்த மண் யார் பேரில் இருந்தது என்பது மட்டும் நாவலில் ஓரிடத்திலும் கிடையாது. இந்தக் குறையை எனக்குக் காட்டிக் கொடுத்தது விமரிசகர் எவருமல்ல, ஒரு சினிமா.

பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்த நாவல். அதை ஆதாரமாக வைத்து வெற்றிமாறன் 2019-இல் 'அசுரன்' எடுத்தார். நாவலில், தன் அண்ணனைக் கொல்வித்த வடக்கூரானைச் சிதம்பரம் என்ற சிறுவன் வெட்டிவிடுகிறான். பிறகு தகப்பனும் பிள்ளையுமாகக் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். நிலத்தகராறுதான் மூலம். ஆனால் அது எந்த உரிமையில் வந்த நிலம் என்ற சரித்திரத்துக்குள் ஆசிரியர் போவதில்லை. ஜாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. பசியும் பயமும் பாசமுமாகவே கதை நகர்கிறது. கலை என்ற முறையில் அது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

படமோ ஒரு முன்கதையைச் சேர்த்தது: தகப்பனின் வாலிபத்தில் நடந்த பஞ்சமி நில மீட்புப் போராட்டம். ஒட்டுவேலை என்றுதான் முதலில் நினைத்தேன். இன்று அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறேன்.

காரணம் நம் ஜில்லாவின் சரித்திரம். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பக்கமெல்லாம் அன்று செங்கற்பட்டு ஜில்லா. அங்கே கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். தாழ்த்தப்பட்டவர் தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால், மிராசுதார் முன்னுரிமை கொண்டாடித் தடுத்துவிடுவார் என்பது அதன் சாரம். 1892-இல் சென்னை அரசாங்கம் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அப்புறமும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கொடுத்தது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்வார்கள். நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் கைமாறியது. 1994 அக்டோபரில், காரணை நிலத்தைக் கேட்டுச் செங்கற்பட்டில் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டார்கள்.

இதையெல்லாம் அறியாமல் 'வெக்கை'யைப் படித்த நான், அதை ஏதோ இரண்டு குடும்பத்து வரப்புச் சண்டை என்று எடுத்துக்கொண்டேன். பிழை நூலினுடையது அல்ல. பட்டணத்து ஓரத்தில் வீடு கட்டிக்கொண்ட வாசகனுடையது. படம் அந்த வாசகன் தப்பித்துப்போகும் கதவை அடைத்துவிட்டது. அதுதான் அதன் பெருமை.

ஆனால் முடிவில் அதுவே வேறொரு கதவைத் திறந்துவிடுகிறது. தகப்பன் மகனிடம், படிப்பு ஒன்றைத்தான் யாராலும் பறிக்க முடியாது என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். அடிபட்டவன் வாயில் அது இயற்கையான பேச்சு. கொட்டகையில் கைதட்டுகிறோம், நிலத்தை மறந்து நிம்மதியாக வீடு திரும்புகிறோம். நிலம் கைமாறியபோது பத்திரம் எழுதியவனும் பதிவு செய்தவனும் படித்தவர்கள்தாமே? படிப்பு நிலத்துக்கு ஈடல்ல. பதிவேட்டைப் பிரித்து, "இது யாருடையது?" என்று கேட்கத் தெரிந்தால்தான் அது படிப்பு.

முப்பது வருஷத்து வில்லங்கம் 1892 வரை எட்டாது. என் மனையின் புல எண்ணைத் துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்து ஒரு மாசமாகிறது. பூந்தமல்லி தாலுகா ஆபீசுக்குத்தான் இன்னும் போகவில்லை. அடுத்த நாவலைத் தொடங்குமுன் போய்விட வேண்டும்.