பொட்டலமும் பதிவேடும்

பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுச்சேரி சொல்தா குடும்பத்துப் பையன் ஒருவன் பாரீசில் கஞ்சாவோடு பிடிபட்டு, கோர்ட்டில் அபராதம் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி வம்பில் சிக்காமல் இருந்தால், கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டில் பிரெஞ்சுச் சட்டம் அவனுக்கு மறுவாழ்வு தந்துவிடும். மனு வேண்டாம், வக்கீலும் வேண்டாம். அவனுடைய சித்தப்பா மகன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அதைவிடக் குறைவாக வைத்திருந்து பிடிபடுகிறான். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் தொல்லை விட்டது என்று யாரோ சொல்ல, அப்படியே செய்கிறான். தொல்லை அன்றுதான் ஆரம்பம். இத்தனை ஆண்டு ஒழுங்காக இருந்தால் பழைய தண்டனை செல்லாது என்று சொல்லும் பொதுச் சட்டம், வயது வந்தவர்களுக்கு இந்தியாவில் கிடையாது.

ஆகவே சிறு கஞ்சா வழக்குகளின் பதிவை நீக்கலாமா என்ற கேள்வி நமக்கும் உரியதுதான். அமெரிக்காவில் செய்தார்களே, இங்கேயும் செய்யலாம் என்று தாவுவதில்தான் எனக்குத் தயக்கம். 2022 அக்டோபரில் அதிபர் பைடன் வழங்கியது மன்னிப்பு. அது தண்டனையை மன்னித்ததே தவிர, பதிவை அழிக்கவில்லை. கனடா 2019இல் கட்டணமில்லாமல் பதிவை ஒதுக்கிவைக்க முன்வந்தது. விண்ணப்பம் மட்டும் போட வேண்டும். கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்கள் இரண்டரை லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்ட நாட்டில், முதல் சில ஆண்டுகளில் பயன்பெற்றவர்கள் சில நூறு பேர்தான். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும் சலுகை, கூலிவேலைக்குப் போகிறவனுக்கு எட்டாது.

நம் சட்டத்தின் கோளாறு வேறு மாதிரி. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் புகைத்ததாக வழக்கு என்றால் 27ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை. வைத்திருந்ததாக வழக்கு என்றால் 20ஆம் பிரிவு, சிறு அளவுக்கு ஓராண்டு வரை. முதலாமவனை நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கலாம். அப்படி விடுவித்தால் தண்டனையால் வரும் தகுதியிழப்பும் இல்லை. இரண்டாமவன் 18 வயதைத் தாண்டியிருந்தால் 33ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. கையில் வைத்திராமல் எவன் புகைப்பான்? எந்தப் பிரிவு என்பது எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவரின் பேனாவில் இருக்கிறது. போதைக்கு அடிமையானவனைச் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு உண்டு. கூட்டாளிகளோடு ஒருமுறை இழுத்துப் பார்த்தவனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

இனி மறுபக்கம். சட்டப்படி கஞ்சாவில் 'சிறு அளவு' என்பது ஒரு கிலோ வரை. பத்துப் பத்து கிராமாகக் கட்டினால் நூறு பொட்டலம். பள்ளி வாசலில் விற்கிறவனும் அதற்குள் வசதியாக அடங்கிவிடுவான். இல்லினாய் மாநிலம் தானாகவே பதிவு நீக்க வைத்த வரம்பு 30 கிராம். 'சிறு அளவு வழக்குகளை எல்லாம் அழி' என்ற கோஷத்தை இங்கே அப்படியே நிறைவேற்றினால், பயனடைகிறவர்களில் வியாபாரியும் இருப்பான். 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, கஞ்சா போதைதான் காரணம் என்று சொல்லி, கஞ்சாவை ஒழி என்று ஊரே தெருவுக்கு வந்தது, பந்த் நடந்தது. அந்தக் கோபத்தைப் படிக்காதவர்களின் பதற்றம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கோபம் கேட்டது விற்பனையைத் தடுக்கும் போலீசை. என்றோ அபராதம் கட்டியவனுக்கு வேலை மறுப்பதால் ஒரு பொட்டலம்கூட குறையப்போவதில்லை.

பழைய குற்றவாளி யார் என்று கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாமா என்பது நியாயமான ஆட்சேபம். இதற்கு விடை பிரெஞ்சுக்காரர்களிடம் இருக்கிறது. அவர்களின் குற்றப் பதிவேடு மூன்று தாள். முதல் தாள் நீதித்துறைக்கு மட்டும், இரண்டாவது குறிப்பிட்ட அரசு அலுவலகங்களுக்கு, மூன்றாவது சம்பந்தப்பட்டவரே வாங்கி வேலைக்குக் காட்டுவது. மறுவாழ்வு கிடைத்த தண்டனை பின்னிரண்டிலும் இருக்காது, முதல் தாளில் தொடரலாம். திரும்பக் குற்றம் செய்தால் நீதிபதி அதைப் பார்ப்பார். நம்மிடமோ ஒரே தாள், எல்லோருக்கும். 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டமோ கைரேகை முதலானவற்றை 75 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கலாம் என்று 2024 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு சொன்னதையே உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவைத்தது. தண்டனை பெற்றவன் நீதிமன்றத்தை நம்பிக் காத்திருக்க முடியாது.

என் முடிவு இது: அழிக்க வேண்டாம், மறைத்து வைத்தால் போதும். விற்பனை வழக்குக்கு அதுவும் கூடாது. சொந்த உபயோகத்துக்கு ஒரு கிலோவை விட்டுவிட்டு கிராம் கணக்கில் தனி வரம்பு வேண்டும். அதற்குள் ஒரே ஒரு முறை தண்டனை பெற்றவனுக்கு, அபராதம் கட்டி மூன்றாண்டு கழிந்ததும், மனு இல்லாமலே வேலைக்கான சரிபார்ப்பிலிருந்து பதிவு விலக வேண்டும். 33ஆம் பிரிவைத் திருத்தாமல் இது முழுமையாகாது; அந்தத் திருத்தம் டெல்லியின் கையில்.

புதுச்சேரி அரசு அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. போலீஸ் வேலைக்காகக் கோரிமேட்டு மைதானத்தில் ஓடித் தேறுகிறவனிடம் சரிபார்ப்புப் படிவம் வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்று கேட்கிறது. உண்மையைச் சொன்னவனின் வழக்கு அற்பமானதா என்று எடைபோட்டு முடிவெடுக்கலாம் என்று அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லிவிட்டது. எந்த வழக்கு அற்பம், எத்தனை ஆண்டு கழிந்தால் பொருட்படுத்த வேண்டாம் என்பதை ஒவ்வொரு அதிகாரியின் மனநிலைக்கும் விடாமல் எழுத்தில் வைக்க ஓர் அரசாணை போதும்.