செயவென் எச்சமும் ஆங்கில ‘டு’ உருவும்

தமிழ்வழி ஆங்கில இலக்கணம் கற்பிக்கையில், ‘டு’ சேர்ந்த வினைவடிவத்திற்குச் செயவென் எச்சத்தை நிகராகக் காட்டுவது வழக்கம். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணமும் அகர ஈற்று எச்சத்தை ‘இன்பினிட்டிவ்’ என்றே ஆராய்கிறது. எனினும் இஃது ஒருபுடை ஒப்புமையே.

செயவென் எச்சம் காரணம், காரியம், உடனிகழ்ச்சி ஆகிய மூன்று பொருளிலும் வரும். ‘மாணவர் படிக்க வந்தனர்’ என்னும் காரியப்பொருளுக்கு ‘டு ஸ்டடி’ பொருந்தும். ‘மழை பெய்யப் பயிர் தழைத்தது’, ‘மணி ஒலிக்க அனைவரும் எழுந்தனர்’ ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. ஆங்கிலம் அங்கே துணைவாக்கியத்தை நாடும்.

‘டு ஸ்கூல்ஸ்’ என்பதில் பன்மைப் பெயருக்கு முன் நிற்கும் ‘டு’, ‘பள்ளிகளுக்கு’ என்பதன் நான்காம் வேற்றுமை உருபை ஒத்தது. வினைக்கு முன் வரும் ‘டு’வும் தோற்றத்தில் இம்முன்னுருபே, பழைய ஆங்கிலத்தில் அதனை அடுத்த வினைவடிவம் நான்காம் வேற்றுமைத் திரிபு ஏற்றது. ஆகவே, வரலாற்று நோக்கில் ‘படிக்க’ என்பதினும் ‘படிப்பதற்கு’ என்பதே அதற்கு நெருங்கியது.

இவ்வேறுபாடு கற்பித்தலிலும் பயன்தரும். ‘அக்கஸ்டம்ட் டு ரீடிங்’ என்னும் தொடரில் ‘டு’வின்பின் தொழிற்பெயர் வருவதைச் செயவென் எச்சம் கொண்டு விளக்க இயலாது, ‘படிப்பதற்குப் பழகிய’ என வேற்றுமை வழியே விளக்கினால் அது தெளிவாகும்.