குழாயும் ஓட்டையும்

1986-இல் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் ஜான் பென்ட்லி எழுதிவந்த பத்திக்காக டொனால்ட் நூத் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிட வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அச்சில் அது பல பக்கங்களுக்குப் போனது. மதிப்புரை எழுதிய டக்ளஸ் மெக்கில்ராய் நூத்தைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை யூனிக்ஸின் ஆறு கட்டளைகளில் முடித்துக் காட்டினார்: எழுத்தல்லாததை எல்லாம் வரிமுறிவாக்கு, பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கு, அகரவரிசையில் அடுக்கு, ஒன்றுபோல் வருவதை எண்ணு, எண்ணிக்கைப்படி திரும்ப அடுக்கு, வேண்டியது வந்ததும் நிறுத்து. ஆறு கட்டளைகளுக்கு நடுவே ஐந்து செங்குத்துக் கோடுகள்; ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கடத்தும் ‘பைப்’ அதுதான். பைப்பின் பெருமை பேசுகிறவர்கள் இன்றும் இந்தக் கதையில்தான் தொடங்குகிறார்கள்.

பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தோட்டத்து ரப்பர் குழாய்களை இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்று மெக்கில்ராய் பெல் ஆய்வகத்தில் 1964-லேயே எழுதி வைத்திருந்தார். 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். ஒன்றையொன்று அறியாத நிரல்கள் இதனால் ஒரே வரியில் சேர்ந்து உழைக்கின்றன, அதுவும் ஒரே நேரத்தில். லினக்ஸில் ஒரு பைப் பொதுவாக 64 கிலோபைட் தாங்கும். அது நிரம்பினால் எழுதுகிற நிரல் தானாகவே காத்திருக்கும். முதல் பத்து வரி போதும் என்று கடைசி நிரல் விலகிக்கொண்டால், முன்னால் இருப்பது அடுத்த முறை எழுத முயலும்போது ஒரு சிக்னல் வந்து நின்றுவிடும். சர்வர் லாகில் எந்த ஐபி முகவரி அதிகம் தொல்லை கொடுக்கிறது என்று பார்க்க, இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அந்த ஆறு கட்டளைகளையும் அப்படியே ஒரு தமிழ் நாவலின் கோப்பில் ஓட்டிப் பார்க்கலாம். ஆங்கிலமே கலக்காத கோப்பு என்றால், 1 என்ற எண்ணும் பக்கத்தில் ஒரு வெற்றிடமும் மட்டுமே வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. ‘எழுத்து’ என்று அந்த முதல் கட்டளை அறிந்தது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைத்தான். முழு நாவலும் எழுத்தல்லாத குப்பையாகி ஒரே வரிமுறிவாகச் சுருங்கிவிட்டது. யூனிகோடைத் துணைக்கு அழைத்தாலும் பாடு முடியாது. ‘எழுத்து’ வகையை மட்டும் பொறுக்கச் சொன்னால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடையும். இகரக் குறியும் புள்ளியும் வேறு வகையில் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நமக்கு அந்தச் சொல் மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறி. பைப்புக்குள் போவதோ 15 பைட். பைட்டுக்கு என்ன பொருள் என்று பைப் கேட்பதே இல்லை.

கேட்காமல் இருப்பதால் வரும் இன்னொரு கேடு பெரியது. தரவுத்தளத்தை டம்ப் எடுத்து, பைப் வழியாக ஜிஜிப்புக்குக் கொடுத்து, கோப்பில் சேமிக்கும் வரி பல நிறுவனங்களில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இரவு ஓடுகிறது. கடவுச்சொல் மாறி டம்ப் முதலடியிலேயே விழுந்தாலும், வெற்று உள்ளீட்டை வாங்கிச் சுருக்கிய ஜிஜிப் தன் வேலை சுபம் என்கிறது. ஷெல் வழக்கமாகப் பார்ப்பது கடைசிக் கட்டளையின் முடிவை மட்டுமே. காலையில் இன்றைய தேதியோடு 20 பைட் கோப்பு ஒன்று கிடக்கும். பிழைகளுக்கென்று தனி வெளியீட்டு வழி உண்டுதான். தொந்தரவாக இருக்கிறதென்று அதை யாராவது, வந்ததை எல்லாம் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். பாஷில் ‘பைப்ஃபெயில்’ போட்டால் இது பிடிபடும், ஆனால் நாமாகப் போட வேண்டும். போசிக்ஸ் தரத்தில் அது இடம்பெற்றதே 2024-இல்தான். கண் முன்னே ஓடும் வேலைக்குப் பைப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆள் இல்லாத நேரத்தில் ஓடுவதென்றால் டம்பை முதலில் கோப்பாக எழுதி, முடிவைச் சரிபார்த்து, அப்புறம் சுருக்குவதே புத்திசாலித்தனம். கொஞ்சம் வட்டு இடம் போகும், போகட்டும்.

இடைவெளி உள்ள கோப்புப் பெயர்கள் துண்டாகி வேறு கோப்பு அழிவதும், ஒரு கோப்பை வரிசைப்படுத்தி அதே கோப்பில் எழுதப்போய் அது காலியாவதும் எல்லோரும் அறிந்த தொல்லைகள். இரண்டுக்கும் மாற்று வழி உண்டு. அதை முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை.

பைட்டுக்குப் பதில் பொருளறிந்த தரவை அனுப்பினால் என்ன? ஜெஃப்ரி ஸ்னோவர் முன்னின்று உருவாக்க, மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்ட பவர்ஷெல் அதைத்தான் செய்தது. அங்கே குழாயில் போவது டாட்நெட் ஆப்ஜெக்ட். கோப்பின் அளவு எத்தனையாவது நெடுவரிசையில் இருக்கிறது என்று தேட வேண்டாம், பெயர் சொல்லிக் கேட்டால் போதும். எனக்கு இது பிடித்த ஏற்பாடு. ஆனால் வெளி நிரல்கள் இந்த ஒப்பந்தத்துக்குள் வராதவை. அவற்றின் வெளியீட்டைப் பவர்ஷெல் எழுத்தாகவே எண்ணிப் படித்தது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டாரின் வெளியீட்டை நேரே ஜிஜிப்புக்கு அனுப்பினால் கோப்பு கெட்டுப்போனது. 7.4 பதிப்பில்தான் அது வழக்கமான நடத்தையிலேயே சரியானது. உள்ளே போவது எழுத்தா படமா என்று பார்க்காத யூனிக்ஸ் பைப்பில் டாரின் வெளியீடு எந்தச் சேதமும் இல்லாமல் மறுபக்கம் போய்ச் சேரும்.