பிரயாணக் கட்டுரையும் விடுதி அறையும்

நம்முடைய பிரயாணக் கட்டுரைகளில் யாரும் தூங்குவதில்லை. கோயிலுக்குப் போகிறார்கள், கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், கல்வெட்டைப் படித்துப் பெருமூச்சு விடுகிறார்கள், அடுத்த பாராவில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். இரவு எங்கே தங்கினார்கள், குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்ததா, கூட வந்த மனைவி என்ன சொன்னாள் என்பதெல்லாம் இலக்கியத்துக்கு வேண்டாத விஷயங்கள் என்று ஓர் எண்ணம். இது சின்னக் குறை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது, அடிப்படைக் குறையே இதுதான் என்று தோன்றுகிறது.

பிறரைச் சொல்லுமுன் என்னைச் சொல்லிக்கொள்வது நியாயம். சில வருஷங்களுக்கு முன் உத்திரமேரூரைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரம். காலை பஸ்ஸில் போய், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டேன். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கைவிட்டு எடுக்கச் சொன்ன கதை அது. வருஷ வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நாம் தேர்தல் நடத்திவிட்டோம் என்று பெருமையோடு முடித்திருந்தேன். வாசகர்களும் மெச்சினார்கள். என் பழைய கட்டுரைகளைப் புத்தகமாகப் போட முன்வந்த ஒரு நண்பர், முதலில் கேட்டதும் இதைத்தான்.

சென்ற கத்திரியில் ஒரு கல்யாணத்தை முன்னிட்டு, குடும்பத்தோடு அதே ஊரில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்க நேர்ந்தது. விடுதியின் பெயர் வேண்டாம். அந்த வாடகைக்கு அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். எங்களுடையது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறை. பகலெல்லாம் தளம் குடித்த வெயிலை இரவெல்லாம் எங்கள்மேல் இறக்கியது. மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றிக் கொடுத்தது. குழாயைத் திறந்தால் மத்தியானம் வெந்நீர். சாயங்காலம் அதுவும் இல்லை. விடுதியில் வேலை பார்க்கும் வாலிபன் ஒருவன், கீழேயிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கிவந்து வைத்தான்.

"உங்க வீட்டிலே தண்ணிக்கு என்னப்பா பண்றீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"காலையிலே அஞ்சு மணிக்குக் குழாயிலே வரும்மா. எங்கம்மா எழுந்திரிச்சுப் பிடிச்சு வைக்கும். கொஞ்சம் அசந்துட்டா அன்னிக்கு அவ்வளவுதான்" என்றான்.

மறுநாள் காலை அவளையும் பெண்ணையும் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கல்வெட்டைக் காட்டி, ஏரி வாரியத்தின் ஆறு பேரைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஏரிக்கு ஆறு பேர் இருந்தாங்கன்னு அன்னிக்கு எழுதினீங்க. அந்தப் பையனோட அம்மா அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறதை ஏன் எழுதலை?"

"எனக்குத் தெரியாதே!"

"ஒரு ராத்திரி தங்கியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

என் கட்டுரைக்கு வந்த விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை.

ஆர்.கே. நாராயண் 1958ல் வெளியிட்ட 'கைடு' நாவல் எனக்கு ஞாபகம் வந்தது. குகைச் சுவர்களை ஆராய மால்குடிக்கு வருகிறான் மார்க்கோ. கல்லிலும் சித்திரத்திலும் ஒரு கோடு தப்பாமல் பார்க்கிறவன், கூட வந்த மனைவி ரோஸியையும் அவளுடைய நாட்டிய ஆசையையும் மட்டும் பொருட்படுத்துவதில்லை. அவன் எழுதுவது பெரிய ஆராய்ச்சி நூல். ஆனால் நாவல் குகையில் பிறக்கவில்லை. அவள் வெளியே வர மறுத்து உட்கார்ந்திருந்த ஹோட்டல் அறை வாசலில் பிறந்தது. நாம் எழுதும் பிரயாணக் கட்டுரைகள் பெரும்பாலும் மார்க்கோ எழுதியவை. நாராயண் எழுதியவை சொற்பம்.

வேறு விதமாக எழுத முடியாது என்பதில்லை. தி. ஜானகிராமன் தம் ஆஸ்திரேலியப் பிரயாண நூலுக்கு 'அடுத்த வீடு ஐம்பது மைல்' என்று பெயர் வைத்தார். பாலைவனத்தையோ கங்காருவையோ அவர் தலைப்பில் கொண்டுவரவில்லை. ஒருவனுக்கு அவசரம் என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று, அங்கே குடியிருக்கிறவனுடைய அளவுகோலை எடுத்துக்கொண்டார். அந்த நான்கு சொற்களில் ஒரு தேசம் தெரிகிறது. உத்திரமேரூரில் அடுத்த வீடு ஐந்தடி தூரம். ஆனால் என் கட்டுரையில் ஒரு வீடுகூட இல்லை.

இப்படிச் சொன்னால் உடனே ஓர் ஆட்சேபம் வரும். அறை புழுக்கம், மூட்டைப் பூச்சி, ஆறிப்போன காப்பி என்று எழுதுவதா இலக்கியம்? இல்லைதான். அது புகார், எனக்கு என்ன கிடைக்கவில்லை என்பதோடு நின்றுவிடும். நான் கேட்பது வேறு. ஓர் இரவு எனக்குக் கஷ்டமாக இருந்தது, அங்கே இருக்கிறவர்களுக்குத் தினசரி எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தூண்ட வேண்டும். என் வியர்வையில் ஆரம்பித்து அந்தத் தாயாரின் அஞ்சு மணியில் போய் நின்றால், அப்போதுதான் அது எழுத்து. பெருமைகூட அப்புறம் மெய்யான பெருமையாகும். சபையார் ஏரியைப் பற்றி ஏன் அவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பது, கத்திரியில் அங்கே தாகத்தோடு படுத்தவனுக்குத்தான் புரியும்.

அதே கல்வெட்டை நான் சரியாகவும் படிக்கவில்லை. சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் வேத ஞானமும் உள்ள, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட ஆண்களின் பெயர்கள்தாம் அந்தக் குடத்தில் விழுந்தன. தண்ணீர் சுமந்தவர்களின் பெயர்கள் விழவில்லை. சபையார் விட்டதை ஆயிரம் வருஷம் கழித்து நானும் விட்டேன்.

ஆனால் அவர்கள் கண்டிப்பான ஒரு விதியும் வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வர முடியாது. பிரயாணம் எழுதுகிறவர்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்று நினைக்கிறேன். எத்தனை நேரம் இருந்தேன், யாரோடு பேசினேன், எதைப் பார்க்காமல் வந்தேன் என்று கணக்குக் காட்டாதவனை வாசகர்கள் நம்ப வேண்டியதில்லை.

நண்பருக்கு அந்தப் பழைய கட்டுரையை நான் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இதைக் கொடுத்திருக்கிறேன்.