பாடநெறித் தாளில் இல்லாத வரிகள்

இங்குள்ள கல்லூரியொன்றில் எழுத்தும் இலக்கியமும் பாடநெறிக்கு முதல்நாள் போகிறவரின் கையில் கதையோ கவிதையோ தரப்படுவதில்லை. எட்டுப் பத்துப் பக்க விதிமுறைத் தாள் தரப்படுகிறது. எத்தனை வகுப்புத் தவறினால் சித்தி இல்லை, ஒருநாள் பிந்தினால் எத்தனை புள்ளி வெட்டு, எழுத்தின் அளவு 12, வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, பிறர் எழுத்தைக் களவெடுத்தால் என்ன தண்டனை. ரொறன்ரோவின் குசினிகளில் நின்றுகொண்டு, மிச்ச நேரத்தில் இந்தப் பாடநெறியை எடுத்த நாங்கள் சிலர், அந்தத் தாளையே ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தோம். அதன் எதிர்பார்ப்புகள் யாருடையவை, யாரிடம் வைக்கப்படுபவை என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் எங்களுக்கு இப்படியொரு தாள் கிடைத்ததில்லை. பரீட்சையில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் கடந்தகால வினாத்தாள்களையும் ரியூட்டறி நோட்ஸையும் வைத்து ஊகித்துக்கொண்டோம். இடையில் அறுந்துபோன எங்கள் பல்கலைக்கழக நாட்களிலும் விரிவுரையாளரின் மனநிலையே விதியாயிருந்தது. எழுதிவைத்த விதியோடு வாதாடலாம். மனநிலையோடு வாதாட முடியாது. எடுத்தாள்வதற்கு மூலம் காட்டு என்ற விதியும் நல்லதே. யாரிடமிருந்து எடுத்தது என்று சொல்லாமலே கோட்பாடு பேசும் கட்டுரைகளைத் தமிழில் வாசித்துக் களைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இது ஒருபக்க ஒப்பந்தம். மாணவர் செய்யவேண்டியவை பக்கம் பக்கமாக உண்டு. எங்கள் கட்டுரையை எத்தனை நாளில் திருத்தித் தருவார்கள் என்ற ஒரு வரி, நாங்கள் பார்த்த தாள்களில் இல்லை.

இந்த இடத்தில் நன்னூல் ஞாபகத்துக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நூலின் பாயிரமும் ஒருவகைப் பாடநெறித் தாள்தான். குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல் என அது எண்ணும் பத்துக் குற்றங்களில் பலவற்றை இன்றைய ஆங்கிலப் புள்ளித்திட்டத்திலும் காணலாம். ஆனால் அது மாணவனிடம் வருமுன், நல்லாசிரியர் யார், ஆசிரியராகத் தகாதவர் யார் என்று சொல்லிவிடுகிறது. அதற்காகப் பழமையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டியதில்லை. பாடம் சொல்லக்கூடாதவர்களின் பட்டியலில் பிணியனையும் துயில்வோனையும் அதே பாயிரம் சேர்த்திருக்கிறது. இரவு ஒரு மணிவரை கோப்பை கழுவிவிட்டுக் காலை வகுப்பில் கண்மூடுகிறவருக்குப் பவணந்தியும் இடம் தரவில்லை, கல்லூரியும் தரவில்லை. களைப்பைக் குணக்கேடாக வாசிப்பதில் இருவருக்கும் ஒற்றுமை.

வருகை விதியை எடுத்துக்கொள்வோம். எங்கள் வேலைநேரம் ஞாயிறு இரவுதான் குசினிச் சுவரில் ஒட்டப்படும். பாடநெறித் தாளோ நாலு மாதத்துக்கும் முன்கூட்டியே திகதி போட்டுவிடுகிறது. வைத்தியரின் கடிதத்துக்கு மன்னிப்பு உண்டு. ஆள் வரவில்லை, நீ நில் என்ற முதலாளியின் சொல்லுக்கு மன்னிப்பு இல்லை. இதில் ஆசிரியரைப் பகையாளியாக்குவது சுலபம், ஆனால் சரியல்ல. 2017இல் ஒன்ராறியோக் கல்லூரி ஆசிரியர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒப்பந்த ஆசிரியர்களின் நிலையே முக்கிய பிரச்சினைகளில் ஒன்றாயிருந்தது. அடுத்த பருவத்தில் வேலை உண்டோ என்று தெரியாத ஒருவர்தான், பிந்தி வந்ததற்காக எங்கள் புள்ளியை வெட்டுகிறார்.

வேறுவிதமாகவும் செய்யலாம் என்பதற்கு இந்தக் கல்விக்குள்ளேயே சான்று உண்டு. 1970இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் நகரத்து உயர்பாடசாலைகளில் சித்தியடைந்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அங்கு கற்பித்த மினா ஷோனஸி, அப்படி வந்த மாணவர்களின் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை வாசித்து, 1977இல் பிழைகளும் எதிர்பார்ப்புகளும் என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதை ஆசிரியர் கற்கவேண்டும் என்பது அவரது வாதம். திருந்தவேண்டியவர் பட்டியலில் ஆசிரியரையும் சேர்த்தார் அவர்.

இன்று நிலைமை வேறு திசையில் போகிறது. கட்டுரையை எழுதியது மனிதரா இயந்திரமா என்று சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. 2023இல் ஸ்ரான்பேர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் ரோபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்றன அவை. காரணம் எளிது: குறைந்த சொற்கள், பழகிய வசன அமைப்பு. அதாவது, பிழையின்றிச் சுருக்கமாக எழுது என்று பாடநெறி கேட்டதைச் செய்தவரே சந்தேகத்துக்கு ஆளாகிறார். எங்களில் ஒருவருக்கும் அழைப்பு வந்தது. சி.ஆர். கொப்பியில் அடித்துத் திருத்திய வரைவுகளைக் காட்டியபின் விட்டார்கள். எதையும் எழுதித் தரவில்லை. கருவியின் பிழைக்குத் தண்டனை என்ன என்பதும் தாளில் இல்லாத வரிதான்.

இலக்கியப் பகுதியில் எதிர்பார்ப்பு எழுதப்படாமலே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நடக்கும்போது நாங்கள் வாசகர்கள். ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' (1994) வந்தால் வகுப்பு எங்கள் பக்கம் திரும்புகிறது: உண்மையிலேயே இப்படித்தான் நடந்ததா? நாவல் முடியும் 1983இல் எங்களில் பலர் பிறந்திருக்கவே இல்லை. அந்த நாவலின் கட்டமைப்பைப் பற்றியும், வர்க்கத்தை அது பார்க்கும் விதத்தைப் பற்றியும் எங்களிடம் சொல்ல இருந்தது. கேட்கப்பட்டது சாட்சியம் மட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அங்கு மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலொன்றின் ஓரங்களில் கிறுக்கியவற்றை அந்த நூலுக்கு அவர்கள் கொடுத்த பதிலாகவே 1999இல் வெளியான தமது நூலில் வாசித்துக் காட்டினார். சாட்சிகளாகவன்றி விமர்சகர்களாக மாணவர்களைப் பார்த்த வாசிப்பு அது.

ஆகவே சலுகை கேட்டு இதை எழுதவில்லை. தாளில் நாலு வரி சேருங்கள் என்கிறோம். கட்டுரை திருத்தித் தரப்படும் திகதி. காரணம் கேட்காமல் பிந்தக்கூடிய சில நாட்கள். கருவியின் அறிக்கை மட்டும் ஆதாரமாகாது என்ற உறுதி. எந்த மாணவரையும் அவரது நாட்டுக்கான சாட்சியாக வகுப்பில் நிறுத்துவதில்லை என்ற விதி. இந்தப் பாடநெறிக்குப் போகும் எம்மவர்கள் முதல்நாளே தாளை முழுதாக வாசியுங்கள். இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் வகுப்பிலேயே கேளுங்கள்.