செர்ரித் தோட்டமும் டாச்சாவும்

ஆன்டன் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தை மொழிபெயர்ப்பில் வாசிப்போர் முதல் அங்கத்திலேயே ஓர் இடத்தில் இடறி நிற்பதுண்டு. கடனில் மூழ்கிய குடும்பத்தின் நிலம் ஏலத்துக்கு வரவிருக்கிறது. வணிகர் லோப்பாகின் அதற்கு ஒரு வழி கூறுகிறார். தோட்டத்தை வெட்டி, நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் கோடை வீடுகளுக்குக் குத்தகைக்கு விட்டால், தெஸ்யாத்தினா ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 2.7 ஏக்கருக்கு, ஆண்டுதோறும் 25 ரூபிள் கிடைக்கும். மொத்தத்தில் 25,000 ரூபிளுக்குக் குறையாது என்கிறார். நிலத்தின் உரிமையாளரான ரனேவ்ஸ்கயா அம்மையாரோ அதைத் தரக்குறைவான பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறார். நாட்டுப்புற வீடொன்றில் பிறந்து வளர்ந்தவருக்கு நாட்டுப்புற வீடுகள் ஏன் கசக்க வேண்டும்?

இவ்வையம் நமக்கு எழுவது செகாவின் குறையால் அன்று. ரஷ்ய மொழியில் அவருடைய வீடு வேறு சொல், லோப்பாகின் கட்ட நினைக்கும் வீடு வேறு சொல். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ‘பண்ணை வீடு’ என்றோ ‘நாட்டுப்புற வீடு’ என்றோ எழுதிவிட்டால், நாடகத்தின் அச்சாணியே கழன்று போகிறது. பல நூல்கள் ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தமையால் இத்தீங்கு இருமடங்காயிற்று.

சொற்களைச் சற்றே நோக்குவோம். பண்டைய ரஷ்யாவில் தந்தைவழி வரும் நிலம் ‘வோட்சினா’. தந்தையைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். மன்னருக்குப் படைத்தொண்டு ஆற்றும்வரை மட்டும் ஒருவர் ஆண்டு அனுபவிக்கும் நிலம் ‘பொமேஸ்தியே’. மகா பீட்டர் 1714-ல் பிறப்பித்த ஆணையால் இவ்விரண்டுக்கும் இடையே இருந்த வேற்றுமை சட்டத்தில் மறைந்தது. 1762-ல் பிரபுக்கள் கட்டாய அரசுப்பணியினின்று விடுவிக்கப்பட்டனர். தொண்டுக்கு ஈடாக வந்த நிலம் தொண்டு நின்ற பின்னும் அவர்களிடமே தங்கிற்று. அந்நிலத்தோடு கட்டுண்ட பண்ணையடிமைகளோ விடுதலைக்கு 1861 வரை காத்திருக்க நேர்ந்தது. உடைமை என்ற பொருளில் வழங்கும் ‘இமேனியே’ என்ற சொல், கொண்டிருத்தல் என்னும் வினையோடு உறவுடையது. செகாவ் 1892-ல் மெலிகோவோவில் வாங்கியது இத்தகைய ஓர் உடைமையே. அவருடைய பாட்டனார் பணம் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிய பண்ணையடிமை என்பதையும் இங்கு நினைவுகூரல் வேண்டும்.

இவ்வுடைமையின் நெஞ்சம் போன்றது ‘உசாத்பா’. நடுதல், இருத்துதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் இது. தோட்டத்தைக் குறிக்கும் ‘சாத்’ என்பதும் அதே வேரினதே. தூண்கள் கொண்ட வீடு, மரவரிசை, குளம், பணியாளர் குடியிருப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே உசாத்பா. துர்கனேவின் புதினங்கள் பல இதனுள்ளேதான் நிகழ்கின்றன. சற்றுத் தொலைவில், அடுப்பும், மூலையில் திருவோவியங்களும் கொண்டு நிற்கும் உழவரின் மரவீடு ‘இஸ்பா’. லோப்பாகினின் தந்தையும் பாட்டனாரும் உசாத்பாவின் சமையலறைக்குள்ளும் அனுமதிக்கப்படாதவர்கள்.

இனி ‘டாச்சா’வுக்கு வருவோம். கொடுத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது இச்சொல். முதலில் மன்னர் அளித்த நிலக்கொடையை, நம் வழக்கில் சொன்னால் மானியத்தைக் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதைகள் பெருகவே, நகரத்து எழுத்தரும் வழக்கறிஞரும் கோடைக்கு வாடகை பேசித் தங்கும் மரவீட்டுக்கு அப்பெயர் நிலைத்தது. டாச்சாவில் தங்குபவருக்கு அங்கே முன்னோர் கல்லறை இல்லை, வேளாண்மையும் இல்லை. ரனேவ்ஸ்கயா முகம் சுளிப்பது இதற்காகவே. அவருடைய உசாத்பாவை ஏலத்தில் எடுப்பவர் பழைய அடிமையின் மகன். அதை அழித்து அவர் எழுப்பப்போவது டாச்சாக்கள். இரு சொற்களுக்கு இடைப்பட்ட தொலைவே நாடகத்தின் சோகம், நகைப்பும் அதுவே. ரனேவ்ஸ்கயாவின் சுளிப்பில் நாம் முழுவதும் பங்குகொள்ள வேண்டியதில்லை. செகாவும் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

அந்நாடகம் அரங்கேறிய அதே 1904-ஆம் ஆண்டின் இறுதியில் கார்க்கியின் ‘டாச்னிக்கி’ மேடைக்கு வந்தது. டாச்சாவில் தங்குவோர் என்பதே அத்தலைப்பின் பொருள். படித்தவர்களான நாம் நம் சொந்த நாட்டிலேயே கோடை விருந்தாளிகளாக வாழ்கிறோம் என்று வர்வாரா என்னும் பெண் அதில் குற்றம் சாட்டுகிறாள். தலைப்பைக் ‘கோடை வாசிகள்’ என்று மாற்றினால் பொருள் ஓரளவு வரும், குத்தல் வாராது.

செகாவின் லோப்பாகின் மற்றொன்றும் சொல்கிறார். இன்று முகப்பில் அமர்ந்து தேநீர் அருந்தும் டாச்சாவாசி நாளை தன் சிறு நிலத்தைப் பண்படுத்தத் தொடங்கலாம் என்பது அவர் கருத்து. சோவியத் காலத்தில் அது வியப்புக்குரிய முறையில் பலித்தது. தொழிலாளர்க்கு ஒதுக்கப்பட்ட 600 சதுர மீட்டர், ஏறத்தாழ 15 சென்ட் நிலத்தில், உருளைக்கிழங்கும் வெள்ளரியும் விளைந்து பல குடும்பங்களின் பசியைத் தணித்தன.

அதே காலத்தில் அச்சொல்லின் பழம்பொருளும் திரும்பி வந்தது. டாச்சா மீண்டும் கொடையாயிற்று, கொடுப்பது அரசு. மாஸ்கோவை அடுத்த பெரெதெல்கினோவில் எழுத்தாளர்களுக்கு வீடுகள் அளிக்கப்பட்டன. பாஸ்டர்நாக் ‘டாக்டர் ஷிவாகோ’வின் பெரும்பகுதியை எழுதியது அங்கேதான். 1958-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் எழுத்தாளர் சங்கம் அவரை வெளியேற்றியது. 1960-ல் அவ்வீட்டிலேயே அவர் மறைந்தார். 1984-ல் அவர் குடும்பத்தார் அங்கிருந்து அகற்றப்பட்டனர். 1990-ல் அதே வீடு அருங்காட்சியகமாயிற்று. கொடுத்தவர் திரும்பப் பெறக்கூடிய வீடு என்ற உட்பொருளை ‘மாளிகை’யோ ‘பங்களா’வோ தாங்குமா?

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் நமக்கு அளித்த ரஷ்ய நூல்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். இதைக் குறைகூறும் நோக்கில் எழுதவில்லை. ஆனால் இனி மொழிபெயர்ப்போர் டாச்சாவையும் உசாத்பாவையும் அப்படியே விட்டுவைக்கட்டும். ரூபிளையும் சமோவாரையும் ஏற்றுக்கொண்ட தமிழ் வாசகர் இவற்றையும் ஏற்பார். அப்போதுதான் நாடகத்தின் இறுதிக்காட்சி அவருக்கு முழுமையாக விளங்கும். எல்லாரும் புறப்பட்டுவிட்டனர், கதவுகள் பூட்டப்பட்டுவிட்டன. 1861-ன் விடுதலையையே துன்பம் என்று அழைத்த 87 வயதுக் கிழவர் ஃபீர்ஸ், மறக்கப்பட்டவராய் உள்ளே படுத்திருக்கிறார். வெளியே, டாச்சாக்களுக்கு இடமளிக்க, மரங்களில் கோடரி விழுகிறது.