தலையாட்டும் விளக்கு

பி.காம். படித்தவனுக்கு பேலன்ஸ் என்றால் ஒன்றுதான் தெரியும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே தொகை வரவேண்டும். வராவிட்டால் ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று தலைப்புப் போட்டு, வித்தியாசத்தை அங்கே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மேடை விளக்கில் அந்தச் சலுகை கிடையாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாட்டிய நாடகம் பார்க்கப் போனபோது இது தெரிந்தது.

சென்னையில் ஒரு சபா. கண்ணகி கதை. உச்சக் காட்சி. மேடை முழுக்க இருட்டு. ஒற்றைச் சிலம்போடு கண்ணகி நிற்கிறாள். மேலேயிருந்து ஓர் ஒளிவட்டம் வந்து அவள் முகத்தில் விழவேண்டும். வந்தது. முழங்கையில் விழுந்தது. அங்கேயே இரண்டு தடவை நடுங்கியது. பிறகு மெதுவாக இடுப்புக்கு இறங்கியது. அந்தப் பெண் கண்ணில் கொண்டுவந்திருந்த கோபத்தை முன்வரிசைகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒரு மாமி, “ஃபியூஸ் போயிடுத்தா?” என்றார்.

‘ஒளியமைப்பு சுமார்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன். நம் விமர்சனங்களில் விளக்குக்கு அவ்வளவுதான் இடம். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஆட்டோ கிடைக்கவில்லை. திரும்ப உள்ளே வந்தவன், விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்த தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“வாங்க சார், காட்டறேன்” என்றார்.

அது சாதாரண ஸ்பாட் லைட்தான். அதை ‘ப’ வடிவ இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்தார். அந்தச் சட்டத்துக்கு ‘யோக்’ என்று பெயர். இங்கிலீஷில் நுகத்தடிக்கும் அதே வார்த்தைதான். அங்கே மாடு, இங்கே விளக்கு. சட்டத்தை இடம் வலமாகத் திருப்ப ஒரு மோட்டார். அந்தத் திருப்பத்துக்கு ‘பேன்’ என்பார்கள். விளக்கை மேலும் கீழும் சாய்க்க இன்னொரு மோட்டார், அது ‘டில்ட்’. கீழே ஒருவர் பட்டனைத் தட்டினால் மேலே விளக்கு தலையைத் திருப்பும்.

கரண்ட்டைத் துண்டித்துவிட்டு, விளக்கின் முகத்தை நிமிர்த்திப் பிடித்தார். கையை எடுத்தார். ஈஸிசேரில் தூங்கி வழியும் தாத்தா மாதிரி விளக்கு சட்டென்று முன்பக்கம் கவிழ்ந்தது.

“மூக்குல தகரக் குழாய் மாட்டினோம்ல, அந்த வெயிட்டு. காலைல ஒன்பது மணிக்கு ஹால் தரேன்னாங்க சார். உள்ளே ஏதோ பாராட்டு விழா. நாலு மணிக்குத்தான் விட்டாங்க. மேல மாட்டறதுக்கே நேரம் பத்தல. பேலன்ஸ் எங்க பாக்கறது?”

* * *

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். பாரமெல்லாம் அடியில் இருப்பதால் அதற்கு ஒரே ஒரு நிலைதான் பிடிக்கும். யோக்கில் மாட்டிய விளக்கு இதற்கு நேர் எதிராக இருக்கவேண்டும். எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்க வேண்டும். அதாவது, விளக்கின் பாரம் முழுவதும் சந்திக்கிற புள்ளி, அது சாய்கிற அச்சின் மேலேயே அமையவேண்டும்.

அமையாவிட்டால்? முன்பாரத்தை மோட்டார் ஓயாமல் தாங்கிக்கொண்டிருக்கும். இறங்கும்போது விளக்கு வேகமாகச் சரியும், ஏறும்போது முக்கும். நின்ற பிறகும் பெல்ட் இழுபட்டு நடுங்கும். இவ்வகை மோட்டார் பலவும் படிப்படியாக எண்ணி எண்ணித்தான் திரும்பும். பாரம் தாங்காமல் நாலு படி நழுவினால், சரிபார்க்கத் தனியாக ஏற்பாடு இல்லாதவரை, கீழே இருக்கிற கன்ட்ரோலுக்கு அது தெரியவே தெரியாது. கணக்குப் புத்தகத்தில் நாலு வரி விட்டுப்போன மாதிரி, அதற்கப்புறம் எல்லாக் கூட்டலும் தப்பு.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பதினைந்து மீட்டர் தூரத்திலிருந்து வரும் ஒளி ஒரே ஒரு டிகிரி பிசகினால், விழும் இடம் 26 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இரண்டு டிகிரி என்றால் அரை மீட்டர். கண்ணகியின் முகத்துக்கும் முழங்கைக்கும் நடுவே இருந்தது அந்த இரண்டு டிகிரிதான்.

வைத்தியம் எளிது. விளக்கைச் சட்டத்தில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மாட்டினால் போதும். அதற்கு இடமில்லை என்றால்தான் வால் பக்கம் எடைக்கட்டு. எடைக்கட்டில் ஒரு தொல்லை உண்டு. பாரம் கூடக்கூட, விளக்கு கிளம்பவும் தாமதம், நிற்கவும் தாமதம். லென்ஸை மாற்றினாலோ குழாய் மாட்டினாலோ மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டும். தொங்குகிற பைப்பும் ஆடக்கூடாது. விளக்கு ஒரு பக்கம் வெடுக்கென்று திரும்பினால் பைப் மறுபக்கம் உதைபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளாம்ப் விட்டுப்போனாலும் விளக்கு கீழே விழாதபடி ஒரு சேஃப்டி செயின். கீழே நிற்பது யார் வீட்டுப் பிள்ளையோ!

* * *

இந்த விளக்கு பிரபலமான கதையும் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து ஷோகோ கம்பெனிக்காரர்கள் 1980-ல் நிறம் மாறும் விளக்கு ஒன்றைச் செய்யத்தான் உட்கார்ந்தார்கள். இன்னும் இரண்டு மோட்டார் சேர்த்தால் விளக்கே நகருமே என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்குத் தோன்றியது. ‘ஜெனிசிஸ்’ என்ற இங்கிலாந்து இசைக்குழு அதைப் பார்த்துவிட்டுப் பணம் போட்டது. 1981-ல் பார்சிலோனாவில், காளைச் சண்டை மைதானத்தில், ‘வேரி-லைட்’ அரங்கேறியது.

வணிகவியல்காரனான எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். பல வருஷங்கள் அவர்கள் அந்த விளக்கை விற்கவே இல்லை, வாடகைக்குத்தான் விட்டார்கள். பராமரிப்பு தங்கள் கையைவிட்டுப் போகக்கூடாது என்று இருந்தார்கள். தாங்கள் விற்பது விளக்கை அல்ல, அது சொன்ன இடத்தில் நிற்பதை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாம் வேறு கட்சி. இத்தாலியின் கிளே பாக்கி 2010-ல் ‘ஷார்ப்பி’யைக் கொண்டுவந்தது. 16 கிலோதான் எடை, பென்சில் மாதிரி ஒளி. இன்றைக்குக் கல்யாண ரிசப்ஷனில்கூட ஷார்ப்பியும் அதன் நகல்களும் சுழல்கின்றன. மாப்பிள்ளை முகத்தைத் தவிர எல்லா இடத்திலும் வெளிச்சம். விளக்கு நகர்கிறது என்று காட்டுவதற்காகவே அதை நகர்த்துகிறோம்.

நாடக மேடையில் இதைக் கையாளத் தெரிந்தவர்கள் செய்வது வேறு. விளக்கை அணைத்து, இருட்டிலேயே அடுத்த இடத்துக்குத் திருப்பி, பிறகுதான் ஏற்றுகிறார்கள். நகர்ந்ததே உங்களுக்குத் தெரியாது. பத்து விளக்கின் வேலையை ஒரு விளக்கு சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகும். என் கட்சி இதுதான்: இந்த விளக்கை அது ஓடுகிற ஓட்டத்தை வைத்து மதிக்காதீர்கள். நிற்கிற இடத்தை வைத்து மதியுங்கள்.

அப்படி நிற்க வைக்கிற வேலை காலையில், காலி ஹாலில், ஏணி மேல் நடக்கிறது. அன்று அந்தத் தம்பி பில்லைக் காட்டினார். விளக்கு வாடகை, வண்டி வாடகை, ஆள் கூலி. பேலன்ஸ் பார்க்கிற நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த நேரம் பாராட்டு விழாவுக்குப் போயிருந்தது.

அடுத்த தடவை உங்கள் அபார்ட்மென்ட் ஆண்டு விழாவுக்கோ பெண்ணின் அரங்கேற்றத்துக்கோ லைட்காரரிடம் பேசும்போது வாடகையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள். ஹாலை மட்டும் காலையிலேயே திறந்து கொடுத்துவிடுங்கள்.